காலியாக விட முடியாத கட்டம்

அலுவலகத்தில் அவளைக் கட்டக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். சுவரில் இருக்கும் வெள்ளைப் பலகை முழுக்கக் கட்டம் கட்டமாக வரைந்து, கட்டத்துக்கும் கட்டத்துக்கும் கோடு இழுத்து, அந்தக் கோடு சரியில்லை என்று யாரையாவது பிடித்துச் சண்டை போடுவதுதான் அவள் வேலை. நியமன ஆணையில் அதற்கு டேட்டா வடிவமைப்பாளர் என்று கௌரவமான பெயர் இருக்கிறது. அந்தப் பெயரைச் சொல்லி யாராவது கூப்பிட்டிருந்தால் அவளே திரும்பிப் பார்த்திருக்க மாட்டாள்.

மருத்துவமனைகளுக்கு மென்பொருள் செய்து கொடுக்கிற கம்பெனி அது. நோயாளி ஒரு கட்டம், டாக்டர் ஒரு கட்டம், மருந்து ஒரு கட்டம், படுக்கை ஒரு கட்டம். எந்தக் கட்டத்தில் எதை எழுதியே ஆக வேண்டும், எதை எழுதாமல் விடலாம், எது எதோடு சேரும் என்பதையெல்லாம் வரைந்து முடிவு செய்த பிறகுதான் புரோகிராம் எழுதுகிறவர்கள் கீபோர்டில் கை வைக்க வேண்டும். இது சட்டம். முதலில் எழுதித் தள்ளிவிட்டு, அப்புறம் பலகை முன்னால் வந்து நின்று அசடு வழிவது நடைமுறை.

அவளிடம் ஒரு வழக்கம் உண்டு. யாராவது புதிதாக ஒரு கோடு போட வேண்டுமென்றால், அந்தக் கோட்டை இரண்டு பக்கத்திலிருந்தும் வாய்விட்டுச் சொல்லிக் காட்ட வேண்டும். "ஒரு டாக்டருக்குப் பல நோயாளிங்க" என்று சொல்லிவிட்டு நழுவ முடியாது. "சரி, இப்ப அந்தப் பக்கத்துலேர்ந்து வாங்க. ஒரு நோயாளிக்கு எத்தனை டாக்டர்?" என்று கேட்பாள். ஒருத்தர் என்று சொன்னவன் தொலைந்தான். "ஏன், உங்க வீட்ல யாருக்கும் பல்லும் வலிச்சு முட்டியும் வலிச்சதே இல்லையா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டு வைப்பாள். மனுஷர்கள் ஒரு பக்கத்திலிருந்து மட்டும் யோசிப்பதுதான் உலகத்துத் தொல்லைகளுக்கெல்லாம் காரணம் என்பது அவள் கட்சி. கோபம் மூக்குக்கு மேல் நிற்கும். ஆனால் காரணமில்லாமல் வராது. முன்பு இருந்த கம்பெனிகளிலிருந்தும் இப்படிச் சண்டை போட்டுத்தான் வெளியே வந்தாள். அதைச் சொல்ல அவளுக்குக் கொஞ்சமும் வெட்கமில்லை.

கட்டம் வரைவதற்கென்றே ஒரு மென்பொருளையும் கம்பெனி வாங்கியிருந்தது. திரையில் கட்டத்தை வரைந்து கோரிக்கையாக அனுப்பினால் அது ஒப்புதலுக்குப் போகும். ஒப்புதல் கொடுத்த மறுநொடி நிஜ டேட்டாபேஸ் மாறிவிடும். கொடுத்தவர் பெயரும், கொடுத்த காரணமும் அழிக்க முடியாதபடி அங்கேயே தங்கிவிடும். நகரத்தின் பெரிய மருத்துவமனைக்கான ஒப்புதல் உரிமை கட்டக்காவிடம் இருந்தது. அவள் பெயர் படாமல் அந்த மருத்துவமனையின் டேட்டாபேஸில் ஒரு கட்டம்கூட நகராது. ஒரே ஒரு விலக்கு: தான் கேட்டதற்குத் தானே ஒப்புதல் கொடுக்க முடியாது. அதை மேனேஜர்தான் பார்க்க வேண்டும்.

புது மேனேஜர் வந்து சேர்ந்தபோதுதான் வம்பு ஆரம்பித்தது. அவர் முட்டாள் இல்லை. அதைச் சொல்லியாக வேண்டும், இல்லையென்றால் கதை சுலபமாகிவிடும். கைப்பேசியிலேயே பொருள் விற்கிற பெரிய கம்பெனி ஒன்றில் பேர் வாங்கிவிட்டு வந்தவர். அங்கே வாடிக்கையாளர் ஒவ்வொருவருக்கும் சொந்தமாக ஒரு போன் இருந்தது. போன் இல்லாதவன் அந்தக் கம்பெனிக்கு வாடிக்கையாளனாகவே வர முடியாது. அந்தப் பழக்கத்தில் அவர் மருத்துவமனைக்கு ஒரு வாக்குக் கொடுத்துவிட்டார். ஒரே நோயாளி பல தடவை பதிவாகியிருக்கிறார் என்று அவர்கள் குறைப்பட்டுக்கொண்டிருந்தார்கள். போன் எண்ணும் பிறந்த தேதியும் ஒன்றாக இருக்கிற பதிவுகளையெல்லாம் ஒரே ஆளாக இணைத்துவிடுகிறேன், டூப்ளிகேட் என்ற பேச்சே இருக்காது என்று இவர் சொல்லிவிட்டார்.

அவர் சொல்லி ஒரு புரோகிராமர் எழுதிய இணைப்புக் கோரிக்கை கட்டக்காவின் திரைக்கு வந்தது. அவள் படித்துப் பார்த்துவிட்டு நேரே அவர் அறைக்குப் போனாள்.

"சார், ஒரு ஆளுக்கு ஒரு போன், ஒத்துக்கறேன். ஒரு போனுக்கு ஒரு ஆள்தானா?"

"அதான் பிறந்த தேதியும் சேர்த்திருக்கோமே மேடம். ரெண்டும் ஒண்ணா இருந்தா ஒரே ஆளாத்தான் இருக்கணும்."

"ரெட்டைப் பிள்ளைங்க?"

அவர் சிரித்தார். "எத்தனை பேர் இருப்பாங்க? அப்புறம் பாத்துக்கலாம். இந்த வாரக் கடைசியில அவங்க தலைமை டாக்டர் வராங்க. அதுக்குள்ள ஒப்புதல் குடுத்துடுங்க."

அவள் கொடுக்கவில்லை. மறுநாள் யாரிடமும் சொல்லாமல் மருத்துவமனைக்குப் போய்ப் பதிவு கவுன்ட்டருக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். கண்ணாடிக்குப் பின்னால் ஒரு பெண் தட்டச்சு செய்துகொண்டிருந்தாள். வரிசை வாசல் வரைக்கும் நின்றது. பெயர், வயது, முகவரி, போன். கையில் கட்டுப் போட்ட பெரியவர் ஒருவர் வந்தார். போன் எண் கேட்டதும், "எங்கிட்ட ஏதும்மா போனு" என்றார். கவுன்ட்டர் பெண் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. விரல்கள் பாட்டுக்கு ஒரு எண்ணை அடித்தன. பிறந்த தேதியும் பெரியவருக்குத் தெரியவில்லை. வயதைக் கழித்து ஒரு வருஷத்தைப் போட்டு, அதன் முதல் நாளை அடித்துவிட்டு, "அடுத்து" என்றாள்.

"என்ன நம்பர் போட்டீங்க?" என்று கட்டக்கா கேட்டாள்.

"இந்த கவுன்ட்டர் நம்பர்தான்." மேசை மேலிருந்த தொலைபேசியைக் காட்டினாள் அவள். "காலியா விட்டா உள்ளயே போக மாட்டேங்குது மேடம். சிவப்புல கத்துது. வரிசையில நிக்கறவங்க என்னைத்தான் திட்டுறாங்க, கம்ப்யூட்டரை யாரும் திட்டுறதில்ல."

"எல்லாருமே இப்படித்தான் போடுவீங்களா?"

"எனக்கு முன்னாடி இருந்தவங்களும் இதைத்தான் போட்டாங்க. எனக்குச் சொல்லிக் குடுத்ததே இதுதான்."

அலுவலகத்துக்குத் திரும்பி வந்து அந்த எண்ணை டேட்டாபேஸில் தேடினாள். திரை நகர்ந்துகொண்டே போனது. ஒரு விளையாட்டு மைதானத்தை நிறைக்கிற கூட்டம். போன் இல்லாத கிழவர்கள், கிழவிகள், பாதையோரத்திலிருந்து யாரோ தூக்கிக்கொண்டு வந்து சேர்த்தவர்கள், எல்லாரும் ஒரே எண்ணின் கீழ் நின்றார்கள். அவர்களில் ஒரே வயது சொன்னவர்களுக்கெல்லாம் பிறந்த தேதியும் ஒன்று. மேனேஜரின் கோரிக்கையை ஒப்புக்கொண்டால் வயதுக்கு ஒருவராகச் சுருங்கிப் போவார்கள்.

போன் எண் கட்டத்தைக் காலியாக விடக் கூடாது என்பது மேலிடத்து முடிவு. குறுஞ்செய்தி அனுப்ப வசதியாக இருக்கும் என்று விற்பனைப் பிரிவு கேட்டுக்கொண்டது. தெரியாது என்பதும் ஒரு பதில்தான், அதை எழுத இடம் கொடுங்கள் என்று கட்டக்கா அப்போதே ஒரு கோரிக்கை போட்டாள். பழைய மேனேஜர் அதைத் திறந்துகூடப் பார்க்காமல் ஓய்வு பெற்றுப் போய்விட்டார்.

புது மேனேஜர் அவள் சொன்னதை முழுதாகக் கேட்டார். கேட்டுவிட்டு, "இதெல்லாம் விதிவிலக்கு மேடம்" என்றார். "விதிவிலக்கைப் பாத்துட்டு நின்னா ஒரு வேலையும் நடக்காது. நீங்க ஒப்புதல் குடுக்கறீங்களா, இல்ல உங்க உரிமையை வேற யாருக்காவது மாத்தட்டுமா?"

"ஒருத்தரோட பென்சிலின் அலர்ஜி இன்னொருத்தர் மேல போய் விழும் சார். இணைச்சதைத் திரும்பப் பிரிக்க எந்த மென்பொருளாலயும் முடியாது. எது யாரோடதுன்னு யாருக்கும் தெரியாது."

"நான் கேட்டது வேற."

"என் பேர்ல இது போகாது."

கூடத்துக்கு வந்தபோது டெஸ்டர் காத்துக்கொண்டிருந்தாள். மென்பொருளில் ஓட்டை கண்டுபிடிக்கிற வேலை அவளுக்கு, மனுஷர்களிலும் கண்டுபிடிப்பாள். கட்டக்காவுக்கு அந்த அலுவலகத்தில் இருந்த ஒரே சிநேகிதி.

"அக்கா, இந்தத் தடவை மூட்டை கட்ட வெச்சிடுவாங்க. ரெண்டு மாசம் லீவுல போயிடேன். நீ இல்லாதப்போ யாரோ குடுத்துக்கட்டும்."

"யாரோ குடுக்கறதுக்கு நான் ஏன் லீவு போடணும்?"

"உங்கிட்ட பேசறதுக்கு அந்த பிரின்டர்கிட்ட பேசலாம்."

வீட்டிலும் அதே பாட்டுதான். கணவர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர், பொறுமைசாலி. பிள்ளைகளை ஏற்றி இறக்கி வந்த பொறுமை. "வேலை போனா வேற வேலை கிடைக்கும். அதுக்கில்ல" என்றார். "ஆனா கோபத்துல எடுத்தேன் கவிழ்த்தேன்னு ஏதும் பண்ணாத. உனக்கு அந்த வேலை பிடிக்கும்னு எனக்குத் தெரியும்."

அதுதான் அவளுக்கு வலித்தது. பிடிக்கும். அந்தப் பலகை, அந்தக் கோடுகள், அந்த மருத்துவமனையின் ஒவ்வொரு கட்டமும் அவள் கையால் வரைந்தது. அதிலிருந்து பிடுங்கிப் போட்டால் தாங்குவாளா என்று அவளுக்கே தெரியவில்லை. அவளுக்குப் பயமாக இருந்தது.

மாமியார் பாத்திரத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "சண்டை போட வீட்ல நான் ஒருத்தி குத்துக்கல்லு மாதிரி இருக்கேன். இவ எதுக்கு பஸ் ஏறிப் போய்ச் சண்டை போடறா?"

"உங்ககிட்ட நான் தோத்தா யாருக்கும் ஒண்ணும் ஆகாது அத்தை. அங்க அப்படி இல்ல."

தலைமை டாக்டர் வந்த அன்று கூட்ட அறையில் நாற்காலி போதவில்லை. மருத்துவமனையின் பதிவுகளுக்கெல்லாம் பொறுப்பானவர் அவர். நரைத்த கிராப்பு, கழுத்தில் கண்ணாடிச் சங்கிலி, யார் பேசினாலும் முகத்தில் ஒன்றும் தெரியாது. மேனேஜர் பெயர்கள் மறைக்கப்பட்ட ஒரு நகல் டேட்டாபேஸில் இணைப்பை ஓட்டிக் காட்டினார். திரையில் டூப்ளிகேட் எண்ணிக்கை மடமடவென்று சரிந்தது. மேனேஜரின் ஆட்கள் கை தட்டினார்கள். கட்டக்காவுக்குக் கடைசி வரிசையில் இடம் கொடுத்திருந்தார்கள், வாயைத் திறக்க வேண்டாம் என்றும் சொல்லியிருந்தார்கள்.

"அந்த இணைச்ச ஆளுங்கள்ல ஒருத்தரைத் திறந்து காட்டச் சொல்லுங்க டாக்டர்" என்றாள் அவள்.

மேனேஜர் திரும்பி முறைத்தார். டாக்டர், "திறங்களேன்" என்றார்.

கட்டக்காவே எழுந்து போய், கவுன்ட்டர் எண்ணைப் போட்டு, கிடைத்த முதல் ஆளைத் திறந்தாள். எழுபது வயது. பாலினம்: ஆண். கர்ப்பப்பை எடுக்கப்பட்டிருந்தது. புராஸ்டேட் அறுவையும் ஆகியிருந்தது. எல்லா ரத்த வகையும் இருந்தது. பென்சிலின் ஒத்துக்கொள்ளாது என்று எழுதியிருந்த இடத்துக்குக் கீழேயே பென்சிலின் ஊசி போட்ட குறிப்பும் இருந்தது. அந்த ஆள் பலமுறை இறந்திருந்தார். முந்தின நாள் கண் பரிசோதனைக்கு வந்திருந்தார்.

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். டாக்டர் சிரிக்கவில்லை. "இவங்கல்லாம் யாரு?"

"போன் இல்லாதவங்க" என்றாள் கட்டக்கா.

மேனேஜர் கெட்டிக்காரர், உடனே சமாளித்துக்கொண்டார். "நல்லதாப் போச்சு, இப்பவே தெரிஞ்சிடுச்சு. இந்த ஒரு நம்பர்ல இருக்கிறதெல்லாம் குப்பை டேட்டா. தனியா ஒரு குப்பைக் கட்டத்துக்குத் தள்ளிட்டு மத்ததை இணைச்சிடலாம். கோரிக்கையில ஒரு வரி மாத்தினா போதும்." அங்கேயே புரோகிராமரை விட்டு மாற்றவும் வைத்தார். "மேடம், இப்ப குடுங்க."

அதுவரை அவளுக்கு இருந்தது வாதம். குப்பை என்ற சொல் காதில் விழுந்ததும் அது கோபமாக மாறியது. கட்டுப் போட்ட கையோடு நின்ற அந்தப் பெரியவரைக் குப்பை என்று ஒரு ஆள் குளிர்சாதன அறையில் உட்கார்ந்து சொல்கிறான் என்று நினைத்தபடி அவள் மேனேஜர் பக்கம் திரும்பினாள்.

"உண்மை சொன்னவரு அவரு. இல்லைன்னு சொன்னாரு. பொய் எழுத வெச்சது நம்ம கட்டம்" என்றாள். "குப்பை அந்தப் பக்கம் இல்ல சார்."

"உங்க கருத்தைக் கேக்கல மேடம். ஒப்புதல் குடுக்கறீங்களா இல்லையா? இல்லைன்னா சாயங்காலம் அந்த உரிமை உங்ககிட்ட இருக்காது."

"சாயங்காலம் வரைக்கும் எதுக்கு?"

அவள் மேசையில் குனிந்து, எல்லாரும் பார்க்கிற அந்தப் பெரிய திரையிலேயே, ஒப்புதல் உரிமை என்ற பக்கத்தைத் திறந்தாள். தன் பெயரை எடுத்தாள். மேனேஜர் பெயரை எழுதினாள். எழுத்துப் பிழை வந்தது, அழித்துத் திரும்ப எழுதினாள். அத்தனை வருஷம் காப்பாற்றி வைத்திருந்ததை அவள் கையாலேயே கொடுத்தாயிற்று.

"இந்தாங்க சார். இப்ப உங்க பேர்ல இருக்கு. அழுத்துங்க."

மவுஸ் அவர் கைக்கு வந்தது. திரையில் இணைப்புக் கோரிக்கை, அதன் கீழே காரணம் எழுத ஒரு பெட்டி, ஒப்புதல் கொடுப்பவர் என்ற இடத்தில் அவர் பெயர். டாக்டர் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு அந்தப் பெயரைப் படித்தார்.

"தாராளமா அழுத்துங்க" என்றார் டாக்டர். "நாளைக்கு யாருக்காவது தப்பான ரத்தம் ஏறினா யார்கிட்ட வந்து கேக்கணும்னு எனக்குத் தெரிஞ்சா போதும்."

மேனேஜர் மவுஸை நகர்த்தினார், நிறுத்தினார். இன்னும் கொஞ்சம் ஆராய்ந்துவிட்டுச் செய்யலாம் என்றார். டாக்டர் எழுந்து போனார். போகும்போது கட்டக்காவைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை, தலையைக்கூட அசைக்கவில்லை. இப்படிப்பட்ட இடங்களில் யாராவது வந்து தோளைத் தட்டுவார்கள் என்று எதிர்பார்க்கிறவர்கள் அலுவலகத்தில் வேலை பார்த்ததே இல்லை என்று அர்த்தம்.

இணைப்பை அவர் அழுத்தவேயில்லை. ஆனால் கட்டக்காவை அந்த வாரமே நூலகங்களுக்கான மென்பொருளுக்கு மாற்றினார்கள். இடம் பிரின்டருக்குப் பக்கத்தில். பலகை இல்லை. புத்தகம் ஒரு கட்டம், அலமாரி ஒரு கட்டம், அவ்வளவுதான். சாப்பாட்டு நேரத்தில் டெஸ்டர் வந்து எதிரே உட்கார்ந்து, "கடைசியில பிரின்டர்கிட்டயே வந்துட்டே" என்றாள். கட்டக்கா சிரித்தாள், அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

கம்பெனியில் யார் வேண்டுமானாலும் கோரிக்கை அனுப்பலாம் என்ற விதியை யாரும் எடுத்துவிடவில்லை. மறுநாள் காலை பையை வைத்ததும் முதல் வேலையாக அவள் ஒரு கோரிக்கை அனுப்பினாள். நோயாளி கட்டத்தில் போன் எண் காலியாக இருக்கலாம். ஒப்புதல் தர வேண்டியவர்: மேனேஜர். அவர் நிராகரித்தார். நிராகரித்தால் காரணம் எழுத வேண்டும், அதற்கென்று இருந்த பெட்டியில் ஒரு நீளமான பத்தி எழுதியிருந்தார். அடுத்த நாள் காலை அவள் மறுபடி அனுப்பினாள். இந்தத் தடவை காரணம் கொஞ்சம் குறைந்திருந்தது. அவள் மறுபடி அனுப்பினாள். இப்படியே நாள் தவறாமல் நடந்தது. அலுவலகமே வேடிக்கை பார்த்தது. மேனேஜரும் சளைத்தவரில்லை, அவளும் பிடித்த பிடியை விடவில்லை. பத்தி ஒரு வரியாகி, வரி ஒரு சொல்லாகி, கடைசியில் ஒரு நாள் நிராகரிப்பு வந்தபோது காரணப் பெட்டியில் வெறும் ஒரு புள்ளி இருந்தது.

அவள் அந்தப் புள்ளியை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவருக்கு எழுதினாள்:

"சார், இன்னிக்கு உங்களுக்கு எழுத ஒண்ணும் இல்ல. காலியா விட்டா இந்தப் பெட்டி உங்களை மேல போக விடல. அதனால ஏதோ ஒண்ணை அடிச்சுட்டீங்க. கவுன்ட்டர்ல உக்காந்திருக்கிற பொண்ணும் இதைத்தான் செய்யறா. உங்க புள்ளியை நான் குப்பைன்னு சொல்ல மாட்டேன்."

அன்று முழுக்கப் பதில் வரவில்லை. மறுநாள் காலை அவள் வழக்கம்போல் அனுப்பினாள். மத்தியானம் திரை சிணுங்கியது. ஒப்புதல் கொடுக்கப்பட்டது. காரணம் என்ற பெட்டியில், "தெரியாதவர்கள் தெரியாது என்று சொல்லட்டும்" என்று எழுதியிருந்தார்.

டெஸ்டர் ஓடி வந்தாள். "ஜெயிச்சுட்டே அக்கா. ஒரு வார்த்தை நன்றி சொல்லிட்டு விடு. இனிமேயாவது நிம்மதியா இரு."

கட்டக்காவுக்கு நன்றி சொல்லத் தோன்றவில்லை. நியாயமானதை இத்தனை நாள் இழுத்தடித்துக் கொடுத்ததற்கு எந்த ஊரில் நன்றி சொல்வார்கள். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, பிறந்த தேதிக்கான கோரிக்கையை எழுத ஆரம்பித்தாள்.